உருளும் பந்தும் ஓரத் தடுப்பும்

விளையாட்டைக் குறிக்கும் 'லஇப்' என்ற அரபுச் சொல்லுக்கு வேர் யாது என ஆராய்ந்த அறிஞர்கள், வாயினின்று வழியும் எச்சிலைக் குறிக்கும் 'லுஆப்' என்ற சொல்லோடு அதனை இணைத்துக் காட்டுவர். இமாம் ராகிப் அல்-இஸ்ஃபஹானீ அவர்களும் தமது சொல்லாய்வு நூலில் இவ்வாறே எழுதிச் செல்கிறார். குழந்தையின் வாயில் எச்சில் ஒரு நோக்கமும் இன்றித் தானே ஊறி வழிகிறது, விளையாட்டும் அப்படித்தான். இந்தச் சொல்லைப் பாடம் சொல்லும்போதெல்லாம் என் மாணவர்கள் சிரிப்பார்கள். நான் தடுப்பதில்லை.

தமிழும் இதில் பின்தங்கியதன்று. ஆண்பாற் பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களில் இறுதி மூன்றும் சிற்றில், சிறுபறை, சிறுதேர் என விளையாட்டாகவே அமைந்துள்ளன. நம் புலவர்கள் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள்மீது பிள்ளைத்தமிழ் பாடியபோதும் அந்தப் பருவங்களை விலக்கிவிடவில்லை. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களோ இஹ்யாவில் ஒரு படி மேலே செல்கிறார். ஓதிவிட்டு வந்த பிள்ளையை விளையாட விட வேண்டும் என்றும், ஓயாமல் கல்வியிலேயே கட்டிப்போட்டால் அதன் உள்ளம் மடிந்து அறிவு மங்கிவிடும் என்றும் அவர் எச்சரிக்கிறார். ஓதிக்கொடுப்பதையே தொழிலாகக் கொண்ட நான் இதனை அடிக்கடி நினைவுபடுத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது.

ஆனால், விளையாட்டு தானே பெருக வேண்டுமானால் அதற்கு ஒரு தெரு வேண்டும். எங்கள் ஊரில் அது இருந்தது. அஸருக்குப் பின் கோலி, பம்பரம், கிட்டிப்புள், ஏழு கல் என்று பொழுது கழியும். பெரியவர்கள் எவரும் எங்களை அழைத்துச் சென்றதில்லை. என் அத்தா தெருமுனையில் தோன்றினால் அன்றைய விளையாட்டு முடிந்துவிட்டது என்று பொருள். குடும்பமாக விளையாடப் போவது என்ற பேச்சே அன்று கிடையாது.

கோலாலம்பூரில் பதினான்காம் மாடியில் குடியிருக்கும் என் மகளின் பிள்ளைகளுக்குத் தெரு என்பது சன்னல் வழியே கீழே தெரிகின்ற ஒரு பொருள். அவர்கள் விளையாட வேண்டுமானால் யாராவது அழைத்துப் போக வேண்டும். கட்டணம் செலுத்தி, மணி பார்த்து விளையாட வேண்டும். சென்ற ஆண்டு பள்ளி விடுமுறையில் நானும் என் மனைவியும் அங்கே சென்றிருந்தபோது, "சனிக்கிழமை எல்லோரும் பௌலிங் போவோம், மாமா" என்றார் மருமகன். கிரிக்கெட்டில் பந்து வீசுவதையே நான் நினைத்தேன். ஐந்து வயதுப் பேரனும் ஒன்பது வயதுப் பேத்தியும் என் அறியாமையைக் கண்டு விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

அறியாத வாசகர்களுக்காக அந்த ஆட்டத்தைச் சுருங்கச் சொல்லிவிடுகிறேன். மெழுகியது போல் வழவழக்கும் நீண்ட மரப்பாதை ஒன்று. அகலம் மூன்றரை அடிக்குச் சற்றே குறைவு. ஆடுபவர் தாண்டக் கூடாத கோட்டிலிருந்து அறுபது அடி தொலைவில் முதற்கட்டை நிற்கும். அதன் பின்னே முக்கோணமாக இன்னும் ஒன்பது. ஒவ்வொன்றும் பதினைந்து அங்குல உயரம், மூன்றரை ராத்தல் அளவு எடை. கனத்த பந்தை உருட்டி இந்தப் பத்தையும் வீழ்த்த வேண்டும். ஓர் ஆளுக்குப் பத்துச் சுற்று. சுற்றுக்கு இருமுறை உருட்டலாம். பாதையின் இருபுறமும் பள்ளமாக ஓடும் வாய்க்காலில் பந்து விழுந்துவிட்டால் அம்முயற்சி வீண்.

மதிப்பெண் இடும் முறை என்னை மிகவும் கவர்ந்தது. முதல் உருட்டிலேயே பத்தும் வீழ்ந்தால் அதற்குப் பத்தோடு, அடுத்து வரும் இரண்டு உருட்டல்களில் வீழ்வனவும் சேரும். ஆகவே, அதன் பயன் என்னவென்று திரையில் உடனே தெரிவதில்லை. அந்தக் கட்டம் வெறுமையாகக் காத்து நிற்கும். பன்னிரண்டு முறை தொடர்ந்து பத்தையும் வீழ்த்துபவருக்கு 300. அதற்குமேல் இல்லை. என் மருமகன் 121 எடுத்தார். அதுவே எங்கள் குடும்பத்தின் உச்சம்.

இவ்வாட்டம் நேற்று முளைத்ததன்று. எகிப்தில் நகாதா என்னுமிடத்தில் ஃபிளிண்டர்ஸ் பெட்ரி என்ற ஆங்கில அகழ்வாய்வாளர் 1895-ஆம் ஆண்டளவில் தோண்டிய கல்லறைகளுள் ஒன்று ஒரு குழந்தையுடையது. அதனுள் கல்லாலான சிறு கட்டைகளும், உருண்டைகளும், அவற்றை உருட்டிவிட ஒரு சிறு வாயிலும் இருந்தன. ஐயாயிரம் ஆண்டுகளுக்கு முன் ஒரு தாயும் தந்தையும் தம் பிள்ளையை மண்ணுக்குள் வைத்தபோது அதன் விளையாட்டையும் உடன் வைத்து அனுப்பியிருக்கிறார்கள். அவர்களுடைய நம்பிக்கை வேறு, நம்முடையது வேறு. ஆயினும் அந்தக் கைகள் நடுங்கியிருக்கும் என்பதில் எனக்கு ஐயமில்லை.

பிற்காலத்தில் ஐரோப்பாவில், சிறப்பாக ஜெர்மனியில், ஒன்பது கட்டைகளை வைத்து ஆடினர். குடியேறிகளோடு கப்பலேறி அமெரிக்கா சென்ற இவ்வாட்டம், அங்கே பந்தயப் பணத்தோடு உறவு கொண்டுவிட்டது. கனெக்டிகட் மாநிலம் 1841-இல் ஒன்பது கட்டை ஆட்டத்தைச் சட்டமியற்றித் தடுத்தது. சட்டத்தில் 'ஒன்பது' என்றிருந்ததால் பத்தாவதாக ஒரு கட்டையைச் சேர்த்துத் தப்பித்துக்கொண்டார்கள் என்று ஒரு கதை உண்டு. கதை மெய்யோ பொய்யோ, சட்டத்தின் எழுத்தைப் பிடித்துக்கொண்டு பொருளை விட்டுவிடும் சாமர்த்தியம் உலகெங்கும் ஒன்றுதான். 1895-இல் நியூயார்க்கில் ஒரு சங்கம் கூடிப் பத்துக் கட்டை ஆட்டத்துக்குப் பொதுவிதிகளை வகுத்தது.

பந்தயம் என்றதும் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. மருமகனின் நண்பர் ஒருவர் குடும்பத்தோடு வந்திருந்தார். "தோற்றவர் எல்லோருக்கும் சாப்பாடு வாங்கித் தரட்டும்" என்று விளையாட்டாகச் சொன்னார். இருதரப்பும் பொருள் வைத்து, தோற்றவன் இழக்க வென்றவன் பெறுவதையே நம் ஃபிக்ஹு நூல்கள் சூதென்று கூறுகின்றன. உணவு வாங்குவதை அந்த வரையறைக்குள் கொணர்வதா என்று நீண்ட விவாதத்துக்கு நான் இழுக்கவில்லை. "இன்றைய விருந்து என்னுடையது, ஆட்டம் தொடங்குமுன்பே சொல்லிவிட்டேன்" என்றேன். அவரும் சிரித்து ஒப்புக்கொண்டார். பிள்ளைகளின் முன்னிலையில் இதில் பேணுதலாக இருப்பது நல்லது. அவர்கள் மசாயிலைக் காதால் கற்பதைவிடக் கண்ணால் விரைவில் கற்கிறார்கள்.

விழுந்த கட்டைகளை இயந்திரம் அள்ளியெடுத்து மீண்டும் நிறுத்துவதைப் பேரன் வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தான். "உள்ளே யார் நன்னா இருக்கா?" என்று கேட்டான். இப்போது யாருமில்லை. ஆனால் ஒரு காலத்தில் இருந்தார்கள். இயந்திரம் வருமுன் கட்டைகளை எடுத்து நிறுத்தியவர்கள் சிறுவர்கள். லூயிஸ் ஹைன் என்ற புகைப்படக் கலைஞர் அமெரிக்கக் குழந்தைத் தொழிலாளர்களின் நிலையை உலகுக்குக் காட்டுவதற்காக ஊர் ஊராகச் சென்றவர். நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் 1910 ஏப்ரலில் அவர் எடுத்த படம் ஒன்று, நள்ளிரவு கடந்து ஒரு மணிக்கு அப்படிப்பட்ட சிறுவர்கள் வேலை செய்வதைக் காட்டுகிறது. அவர்களிலும் சிறிய மூவரை முதலாளி படத்தில் விழாதபடி ஒதுக்கிவைத்தார் என்று அவரே குறிப்பெழுதியுள்ளார். பறந்துவரும் கட்டைகளுக்கும் உருண்டுவரும் பந்துக்கும் நடுவே நின்ற பிள்ளைகள் அவர்கள். காட்ஃபிரிட் ஷ்மிட் என்பவர் கண்டுபிடித்த தானியங்கிப் பொறி 1946-இல் மக்கள் பார்வைக்கு வந்து, 1952 முதல் வணிக முறையில் பரவிய பின்னரே அந்த வேலை மெல்ல மறைந்தது. இயந்திரம் மனிதனின் வேலையைப் பறித்துவிட்டது என்று நாம் அடிக்கடி வருந்துகிறோம். இது பறிபோனதற்கு வருந்த நான் ஆயத்தமாக இல்லை.

இனி, சிறு பிள்ளைகளை அழைத்துச் செல்வோர் அறிய வேண்டியவை. அங்கே தரும் வழுக்கடிக் காலணியை அணிந்தே ஆட வேண்டும். காலுறையை மறவாமல் எடுத்துச் செல்ல வேண்டும். பந்து ஆறு ராத்தலிலிருந்து பதினாறு ராத்தல் வரை உண்டு. பிள்ளையின் எடையில் பத்திலொரு பங்குக்கு மேற்படாமல் பார்த்துக்கொள்வது வழக்கம் என்றாலும், மிகச் சிறியவர்களுக்கு ஆறு ராத்தலே கனம்தான். அவர்களுக்கென ஒரு சாய்வுச் சட்டம் கிடைக்கிறது. அதன் உச்சியில் பந்தை வைத்துத் தள்ளிவிட்டால் தானே இறங்கி ஓடும். ஒன்று முக்கியம்: உருட்டிய பந்து தரைக்கடியில் திரும்பி வந்து மேடையில் ஒன்றோடொன்று மோதி நிற்கும் இடத்தில் பிள்ளைகளின் விரல் நசுங்கிவிடக் கூடும், அங்கே ஒரு பெரியவர் நிற்க வேண்டும். கோட்டைத் தாண்டவும் விடலாகாது. பாதையில் எண்ணெய் பூசியிருக்கிறார்கள். மாலைக்கு மேல் விளக்கை அணைத்து வண்ண ஒளியும் இரைச்சல் இசையுமாக மாற்றிவிடுகிறார்கள்; நாங்கள் காலையிலேயே போனோம். அந்நாட்டு அங்காடிகளில் 'சுராவ்' என்னும் தொழுகையறை இருப்பதால் லுஹருக்கு அலைய வேண்டியிருக்கவில்லை. ஐந்து வயதுக்கு ஓர் ஆட்டம் போதும். இரண்டாவது ஆட்டம் அழுகையில் முடியும்.

இதிலுள்ள பெருநன்மை, என் கணக்கில், காத்திருத்தல். ஆறு பேர் ஆடினால் ஒருவர் தம் முறைக்குப் பின் ஐந்து பேரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். வாரத்தில் ஆறு நாளும் இருட்டிய பின் வீடு திரும்பும் என் மருமகன் அன்று இரண்டு மணி நேரம் தம் மகனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கைப்பேசியை யாரும் ஒளித்துவைக்கச் சொல்லவில்லை. விரல்கள் பந்தின் துளைகளில் இருந்தன. அமெரிக்கப் பேராசிரியர் ராபர்ட் புட்னம் 1995-இல் ஒரு கட்டுரை எழுதிப் புகழ்பெற்றார். 1980-க்கும் 1993-க்கும் இடையே தம் நாட்டில் இவ்வாட்டம் ஆடுவோர் நூற்றுக்குப் பத்து கூடியிருக்க, குழுச் சங்கங்களில் சேர்ந்து ஆடுவது நூற்றுக்கு நாற்பது குறைந்துவிட்டதைக் காட்டி, மக்கள் தனித்துப் போகிறார்கள் என்று அவர் கவலைப்பட்டார். சங்கப் பதிவேட்டில் நன்னிமார்களின் பெயர் ஏறுவதில்லை என்பதையும் அவர் சற்றுக் கணக்கில் கொண்டிருக்கலாம். என் மனைவி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, இரு கைகளாலும் ஆறு ராத்தல் பந்தைத் தள்ளி, முதல் முயற்சியில் ஏழு கட்டைகளை வீழ்த்தியதைக் கண்ட பின் எனக்குப் பேச நா எழவில்லை.

இப்போது ஓரத் தடுப்புக்கு வருகிறேன். இதற்காகவே எழுத உட்கார்ந்தேன்.

பிள்ளைகள் ஆடும்போது வாய்க்காலில் பந்து விழாதபடி இருபுறமும் தாழ்வான தடுப்பு எழுந்து நிற்கும். பெயர்களைப் பதியும்போதே யாருக்குத் தடுப்பு வேண்டுமெனக் குறித்துவிடலாம். அந்தப் பிள்ளையின் முறை வரும்போது தடுப்பு தானே எழும். பெரியவரின் முறையில் தானே தாழும். பந்து அதில் மோதி மோதியாவது கட்டைகளைச் சென்றடையும். அதனால் முதல் நாள் பேத்தி 92 எடுத்தாள். அத்தாவுக்கும் தனக்கும் வேறுபாடு அதிகமில்லை என்று வீடெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

மூன்று வாரம் கழித்து மீண்டும் போனோம். அடுத்த பாதையில் அவள் வயதையொத்த ஒரு மலாய்ச் சிறுமி, தலையில் துடுங் அணிந்து, தடுப்பின்றி ஆடிக்கொண்டிருந்தாள். பந்து நேரே போயிற்று. என் பேத்தி அதனைச் சிறிது நேரம் பார்த்திருந்துவிட்டு, "அத்தா, எனக்குத் தடுப்பு வேண்டாம்" என்றாள்.

மருமகனுக்கு அது உடன்பாடில்லை. "இன்னும் ஒரு வருஷம் போகட்டும்மா" என்றார். அவர் நிலையும் எனக்குப் புரிந்தது. வாரத்தில் கிடைப்பது ஒரு நாள். அந்நாளில் மகள் அழுது பார்க்க எந்தத் தகப்பனுக்கு மனம் வரும்? "விழுந்தா விழட்டுமே மாப்பிள்ளை, பந்துதானே விழுது" என்றாள் என் மனைவி. பின் எல்லோரும் ஆசிரியன் என்பதற்காக என் முகத்தைப் பார்த்தார்கள்.

முப்பது ஆண்டுகளாகப் பிள்ளைகளுக்குக் குர்ஆன் ஓதிக்கொடுத்து வருகிறேன். தொடக்கத்தில் எழுத்தெழுத்தாகச் சுட்டிக் கூட்டித்தான் ஓதுவிப்போம். அந்தக் கூட்டலை எப்போது நிறுத்துவது என்பதற்கு வயதுக் கணக்கு கிடையாது. விரல் ஒரு சொல்லில் நிற்க, நாக்கு அடுத்த சொல்லுக்கு ஓடிவிடும் ஒரு நாள் வரும். அன்று பிள்ளையே விரலை எடுத்துவிடும். ஆசிரியன் முந்திக்கொண்டு எடுத்தால் பிள்ளை அஞ்சும். எடுத்த விரலை மீண்டும் பிடித்து வைத்தால் வெறுக்கும். ஓரிரு நாள் தடுமாறித் தானே மறுபடி விரல் வைத்தால் அதனைக் கண்டும் காணாததுபோல் இருந்துவிட வேண்டும். தடுப்பு இழிவானதன்று. அது ஒரு கட்டையைக்கூட வீழ்த்துவதில்லை; உருட்டும் வேலை முழுதும் பிள்ளையுடையதே. அதனால்தான் அதனை அகற்றக் கேட்கும் உரிமையும் பிள்ளையுடையது என்பது என் துணிபு. "கேட்டுவிட்டாள், எடுத்துவிடுங்கள். மறுபடி கேட்டால் ஒரு சொல்லும் சொல்லாமல் போட்டுக்கொடுங்கள்" என்றேன்.

முதல் பந்து வாய்க்காலில் போயிற்று. இரண்டாவதும். மூன்றாம் சுற்றில் இரண்டு கட்டைகள் வீழ்ந்தன. ஒவ்வொரு முறையும் மருமகன் இருக்கையிலிருந்து பாதி எழுந்தார். "உட்காருங்கள் மாப்பிள்ளை" என்று நான் கையைப் பிடித்துக்கொண்டேன். ஏழாம் சுற்றில் அவள் திரும்பி அத்தாவைப் பார்த்தாள். கண் நிறைந்திருந்தது. அவர் தடுப்பைப் போடச் சொல்ல அலுவலரிடம் போகக் கிளம்பிவிட்டார். அவள் வேண்டாமெனத் தலையசைத்தாள்.

ஆட்டம் முடிந்தபோது அவளுக்கு 38. சாய்வுச் சட்டமும் தடுப்பும் வைத்து ஆடிய தம்பிக்கு 81. "ராத்தாவை ஜெயிச்சுட்டேன்!" என்று அவன் கத்திக்கொண்டு ஓடினான். அவன்மீதும் குற்றமில்லை, திரை அப்படித்தானே காட்டுகிறது. வண்டியில் திரும்பும்போது அவள் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "நன்னா, தம்பிக்குத் தடுப்பு இல்லேன்னா எவ்வளவு வந்திருக்கும்?" என்று கேட்டாள்.

பெரியவர்களின் சங்கங்களில், திறமை குறைந்தவருக்கு அவரது சராசரியையும் ஒரு பொது அளவையும் ஒப்பிட்டு, வேறுபாட்டில் ஒரு பங்கை முன்கூட்டியே சேர்த்துக் கொடுத்துவிட்டுத்தான் போட்டி நடத்துகிறார்கள் என்று சொன்னேன். இருவரையும் ஒரே கோட்டில் நிறுத்துவது வேறு, இருவருக்கும் நியாயம் செய்வது வேறு என்பதை அவர்கள் அறிந்திருக்கிறார்கள். தம்பிக்குச் சேர்த்துக் கொடுத்தது அந்தப் பங்கு என்று விளக்கினேன். அவள் கேட்டுக்கொண்டாள், முழுதும் ஏற்றுக்கொண்டாள் என்று சொல்ல மாட்டேன். வீட்டுக்கு வந்ததும் ஒரு தாளில் 38 என்று எழுதி, கீழே தேதியிட்டு, படிக்கும் மேசைக்கு எதிரே ஒட்டிவைத்தாள். 92 எடுத்த நாளில் அவள் எதையும் ஒட்டவில்லை.

நாங்கள் ஊர் திரும்பிய பின்னும் அவர்கள் மாதம் ஒருமுறை போய்வருகிறார்கள். தாளில் இப்போது 44, 41, 57 என்று எண்கள் இறங்கிக்கொண்டு வருகின்றன என்று மகள் தொலைபேசியில் சொன்னாள். வரும் விடுமுறைக்கு எங்களை மீண்டும் அழைத்திருக்கிறார்கள். தடுப்புக் குறியைத் தம்பியின் பெயருக்கு மட்டும் இட வேண்டுமென்று பேத்தி இப்போதே சொல்லிவிட்டாளாம். என் மனைவியோ, தன் பெயருக்கும் இட வேண்டும் என்கிறாள். முழங்கால் வலிதான் காரணம் என்று நான் எண்ணியிருந்தேன். மருமகனின் 121-ஐத் தாண்டத்தான் என்று நேற்றுத்தான் வாய்திறந்தாள்.